"காயமே இல்லையே டாக்டர்?"

சென்ற வாரம் ஒரு பாலியல் வன்முறை வழக்கில் மகிளா நீதிமன்றத்தின் சாட்சிக் கூண்டில் ஏறியதும் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "உங்கள் அறிக்கையின்படி அந்தப் பெண்ணின் உடலில் காயம் எதுவும் இல்லை, சரிதானே டாக்டர்?" சரிதான் என்றேன். வேறு கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். காயம் இல்லாததால் வன்முறையே நடக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று அதன்பின் என்னை மீண்டும் விசாரிக்கும் வாய்ப்புள்ள அரசு வழக்கறிஞராவது கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் அடுத்த வழக்கின் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

மதியம் மருத்துவமனைக்குத் திரும்பினால், பத்தொன்பது வயது மகளைக் கூட்டிவந்திருந்த ஒரு தாய் என் மேசையருகே குனிந்து, "செக் பண்ணிப் பாத்துச் சொல்லிருங்கம்மா, நடந்துச்சா இல்லையான்னு. அப்புறமா ஸ்டேஷனுக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணிக்கிறோம்" என்றார். ஒருவர் சட்டம் படித்தவர், மற்றவர் பள்ளிக்கூடம் தாண்டாதவர். ஆனால் பாலியல் வன்முறையின் உண்மை பெண்ணின் உடலுக்குள் எங்கோ எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது, டாக்டர் அதைப் படித்துச் சொல்லிவிடுவார் என்று இருவருமே நம்புகிறார்கள். பல ஆண்டுகளாக அரசு மருத்துவமனையின் மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவில் வேலை செய்யும் எனக்கு இதைத் திரும்பத் திரும்ப விளக்கிச் சலித்துவிட்டது. ஆகவே ஒருமுறை எழுதியே வைத்துவிடுகிறேன்.

வன்புணர்வு என்பது சட்டச் சொல். நோயின் பெயர் அன்று. சம்மதம் இருந்ததா என்பதே அந்தச் சட்டத்தின் மையக் கேள்வி, சம்மதத்தைக் காட்டும் கருவி எதுவும் எங்கள் பரிசோதனை அறையில் கிடையாது. வயது வந்த பெண்ணுக்குக் காயமே ஏற்படாமல் வன்புணர்வு நடக்க முடியும், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. கழுத்தில் கத்தியை வைத்தால் யாரும் போராட மாட்டார்கள். தம்பியைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாலும், குளிர்பானத்தில் எதையாவது கலந்து கொடுத்தாலும், பயத்தில் உடல் மரத்துப்போனாலும் தோலில் ஒரு கீறல்கூட இருக்காது. இருந்த சிறு காயங்களும் மூன்று நான்கு நாள்களில் ஆறிவிடும். கன்னித்திரை கிழிந்திருக்கிறதா என்று இன்றும் சில காவலர்கள் தாழ்ந்த குரலில் கேட்கிறார்கள். அது சிலருக்குப் பிறவியிலேயே மிகச் சிறியதாக இருக்கும். சிலருக்கு உறவுக்குப் பிறகும் கிழியாமல் இருக்கும். அதை வைத்து நேற்று நடந்ததைப் பற்றியோ சென்ற ஆண்டு நடந்ததைப் பற்றியோ எந்த மருத்துவராலும் எதுவும் சொல்ல முடியாது. ஆகவேதான் பல அறிக்கைகளில் "பாலியல் வன்முறை நடந்திருப்பதற்கான சாத்தியத்தை மறுக்க இயலாது" என்று எழுதுகிறோம். இது மழுப்பல் என்று நினைக்கிறார்கள். எங்கள் அறிவியலின் எல்லை அந்த வாக்கியத்தோடு முடிகிறது.

இந்தத் தவறான நம்பிக்கைக்கு நம் நீதிமன்றங்களிலும் நீண்ட வரலாறு உண்டு. சட்ட மாணவர்கள் மதுரா வழக்கு என்று படிக்கும் வழக்கில், 1972 இல் மகாராஷ்டிரக் காவல் நிலையம் ஒன்றில் பழங்குடிச் சிறுமி வன்புணர்வுக்கு உள்ளானாள். உடலில் காயமில்லை, அவள் எதிர்க்கவில்லை என்ற வாதத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. அதைக் கண்டித்து 1979 இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதிலிருந்து எழுந்த போராட்டங்களின் விளைவாக 1983 இல் சட்டம் திருத்தப்பட்டது. உடலால் எதிர்க்கவில்லை என்பதையே சம்மதமாகக் கொள்ளக் கூடாது என்று 2013 திருத்தம் வெளிப்படையாகவே எழுதியது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63 ஆம் பிரிவிலும் அது அப்படியே இருக்கிறது. நம்பத்தகுந்ததாக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் சாட்சியம் ஒன்றே தண்டனைக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் 1996 இலேயே, குர்மீத் சிங் வழக்கில் சொல்லிவிட்டது.

பெண்ணின் உறுப்புக்குள் இரு விரல்களை நுழைத்து, அவள் உறவுக்குப் பழகியவளா என்று பார்க்கும் இரு விரல் பரிசோதனையைப் பற்றி என் துறையினருக்கு ஒரு வார்த்தை. அதைத் தடை செய்யுமாறு 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில், அதைச் செய்யும் மருத்துவர் நடத்தைக்கேட்டுக் குற்றம் புரிந்தவராவார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்குப் பிறகும் "பழகியவர்" என்ற சொல்லை அறிக்கையில் எழுதுகிறவர்கள் பழைய பாடப்புத்தகத்தைத் தயவுசெய்து எடைக்குப் போட்டுவிடுங்கள்.

மீண்டும் அந்தத் தாயிடம் வருகிறேன். சம்பவம் நடந்து ஐந்து நாள்கள் ஆகியிருந்தன. முதல் நாளே ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். போலீஸ் கேஸ், எஃப்.ஐ.ஆர். இல்லாமல் தொட மாட்டோம் என்று அனுப்பிவிட்டார்கள். காவல் நிலையத்தில் இது எங்கள் எல்லை இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் உடைகளைத் துவைத்தாகிவிட்டது. அசுத்தத்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று நினைத்த தாயின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மற்ற இருவரும் செய்தது சட்ட மீறல். காவல்துறை அனுப்பினால்தான் பரிசோதிப்போம் என்று மருத்துவமனை சொல்லக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டே கண்டித்திருக்கிறது. அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் உடனடியாக இலவசச் சிகிச்சை அளித்துக் காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும். மறுத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு உரிய நிலையத்துக்கு மாற்ற வேண்டும் என்பதும் இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.

அந்த ஐந்து நாள்களில் இழந்தது சாட்சியத்தை மட்டுமன்று. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதைக் கொடுக்க இயலாமல் போயிற்று. அவசரக் கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பயன் தரும். உடலிலிருந்து எடுக்கும் மாதிரிகளில் விந்தணுவின் தடயம் கிடைக்கும் வாய்ப்பு நான்கு நாள்களுக்குப் பிறகு மிகவும் குறைந்துவிடுகிறது. டி.என்.ஏ. பரிசோதனை குற்றவாளியைக் காட்டுவதைப் போலவே, தவறாக மாட்டிக்கொண்டவரையும் காப்பாற்றும். பொய்ப் புகார் பெருகிவிட்டது என்று பேசுகிறவர்களும் சீக்கிரப் பரிசோதனையைத்தான் கேட்க வேண்டும்.

ஆகவே, முதலில் மருத்துவமனைக்கு வாருங்கள். புகார் கொடுப்பதா என்று பிறகு யோசிக்கலாம். முடிந்தால் குளிக்காமல் வாருங்கள், குளித்திருந்தாலும் வாருங்கள். உடைகளைத் துவைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள்; ஈரத்தில் பூஞ்சை பிடித்துத் தடயம் அழிந்துவிடும். ஒவ்வொரு துணியையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி எடுத்து வாருங்கள். பரிசோதனைக்குச் சம்மதிக்கவும் மறுக்கவும் பெண்ணுக்கே உரிமை உண்டு. மறுத்தாலும் சிகிச்சையை நிறுத்த மாட்டோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராக இருந்தால் விஷயம் தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். பஞ்சாயத்துப் பேசி முடிக்கும் உரிமை பெரியப்பா சித்தப்பா யாருக்கும் இல்லை. யாரைக் கேட்பதென்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181 ஐ அழையுங்கள், குழந்தைகளுக்கு 1098.

2022 இல் நாட்டில் 31,516 வன்புணர்வு வழக்குகள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. விசாரணை முடிந்தவற்றில் தண்டனையில் முடிந்தவை நூற்றுக்கு முப்பதைக்கூட எட்டவில்லை. மீதியெல்லாம் பொய்ப் புகார் என்று படிப்பவர்கள், தாமதமான விசாரணையையும், முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லும் பிறழ் சாட்சியையும் நீதிமன்றத்துக்கு வெளியே நடக்கும் சமரசங்களையும் பார்த்ததில்லை. 1992 இல் தருமபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் அரசு ஊழியர்கள் பெண்களை வன்புணர்ந்த கொடுமைக்குக் கீழமை நீதிமன்றத் தீர்ப்பு வர 2011 ஆயிற்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆயிற்று. மாறாக, பெண்களை வன்புணர்ந்து காணொளி எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி வழக்கில் ஒன்பது பேருக்கும் 2025 மே மாதம் சாகும்வரை சிறை கிடைத்ததற்கு மீட்டெடுக்கப்பட்ட காணொளிகளும், ஒருவர்கூடப் பிறழாத சாட்சிகளும் காரணம்; உடற்காயத்தைத் தேடிக்கொண்டிருந்தால் அந்த வழக்கு எங்கும் போயிருக்காது. ஆனால் அதே வழக்கில் 2019 இல் காவல் அதிகாரியே பாதிக்கப்பட்டவரின் பெயரைச் செய்தியாளர்களிடம் சொன்னார். 2024 இறுதியில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்முறை வழக்கின் முதல் தகவல் அறிக்கையே (எஃப்.ஐ.ஆர்.) வெளியில் கசிந்தது. அடையாளத்தை வெளியிட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்பது வாட்ஸாப்பில் தட்டிவிடுகிறவர்களுக்கும் பொருந்தும்.

அந்தப் பெண் என்னிடம் கேட்டதும் அதைத்தான். "என் பேரு பேப்பர்ல வருமா டாக்டர்?" வராது, வரக் கூடாது என்று சொல்லி, ஐந்தாம் நாளானாலும் எடுக்க வேண்டிய மாதிரிகளை எடுத்தேன். மறுநாள் காலை தாய் மட்டும் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். கட்டிலுக்கு அடியில் விழுந்து கிடந்ததால் துவைக்காமல் விட்டுப்போன துப்பட்டா அதில் இருந்தது. மகளிர் காவல் நிலைய எஸ்.ஐ. மகஜர் என்ற கைப்பற்றுதல் பத்திரம் எழுதி அதைக் கைப்பற்றினார். அதைப் போட்டு ஒட்டக் காகித உறையை எங்கள் வார்டிலிருந்து கொடுத்தேன்.