ஒரு சொட்டு டீசலை அளக்கும் விரல்நீள உருக்கு

சேரன்மகாதேவிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அப்பா காலத்தில் வாங்கிய, கையால் பிடித்து உழும் பவர் டில்லர், 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூன்று நாள் தண்ணீருக்குள் கிடந்ததாம். பிறகு எஞ்சினைப் பிரித்துத் துடைத்து, ஆயில் மாற்றி, எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. ஹேண்டில் போட்டுச் சுற்றினால் சுற்றுகிறது. புகை மட்டும் வரவில்லை. 'டீசல் பம்ப் போய்விட்டது, மொத்தமாக மாற்ற வேண்டும்' என்கிறார் ஒருவர். 'ஆறு தொட்ட வண்டி இனி விளங்காது, எடைக்குப் போட்டுவிடு' என்கிறார் இன்னொருவர். எதைக் கேட்பது என்பது அவர் கேள்வி.

அந்த டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. தாமிரபரணி கரையை மீறி வயலுக்கும் தோப்புக்கும் வீட்டுக்கும் வந்தது. பிசானப் பருவ நெல் நடவுக்குச் சேற்றில் தொளி உழுதுவிட்டுத் தொழுவத்தில் நிறுத்தியிருந்த எத்தனையோ வண்டிகள் அப்படி நனைந்தன. அவற்றில் கணிசமானவற்றை மீட்க முடியும் என்பதே என் பதில். மூன்று நாள் ஊறியதால் இரும்புக்குத் துரதிர்ஷ்டம் ஒட்டிக்கொள்ளாது, துருதான் ஒட்டும். துரு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆயுத பூஜையன்று சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது உழைக்கும் கருவியின் மேல் வைத்த பிரியம். ஆனால் ராசி போய்விட்டது என்று சொல்லி, ஓடக்கூடிய எஞ்சினைக் கிலோ கணக்கில் விற்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

தெரிந்த வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் பாலைப் போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. வடித்து, கழுவி, மாற்ற வேண்டும். பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தால் டீசலை ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவைத்து, மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்ட வேண்டும், சம்மட்டி ஆகாது. டேங்கைக் கழுவுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள், பைப்பில் பிடித்திருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். வாசகர் இதையெல்லாம் செய்துவிட்டார். அதனால் சந்தேகம் நேராக, டீசலை அளந்து எஞ்சினுக்குள் தள்ளும் டீசல் பம்ப்பின் மேல்தான் விழுகிறது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சூடாகிறதே, அதேதான். காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அமுக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தக் கணத்தில் டீசலைப் புகைபோலப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பீய்ச்ச வேண்டிய அளவு எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம்.

ஒற்றைச் சிலிண்டர் கொண்ட 12 குதிரைத்திறன் எஞ்சின், நிமிடத்துக்கு 2000 சுற்று, முழுச்சுமையில் மணிக்கு இரண்டரை லிட்டர் டீசல் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் டீசல் பாயும். ஆக நிமிடத்துக்கு 1000 முறை, மணிக்கு 60,000 முறை. 2500 மில்லியை 60,000 ஆல் வகுத்தால் ஒரு முறைக்கு 0.04 மில்லி. கண்ணுக்கு மருந்து விடும் குழலிலிருந்து விழும் ஒரு சொட்டைவிடச் சற்றே குறைவு. இது களிமண் தொளியில் இறங்கி மூச்சைப் பிடித்து இழுக்கும்போது. வரப்போரம் சும்மா நின்று ஓடும்போது அதில் சிறு பங்கு போதும். அந்தச் சொட்டையும் காற்றழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில், ஒரு நொடியில் சில நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும். தவறாமல், மணிக்கு 60,000 தடவை.

ரூடால்ஃப் டீசல் 1897இல் தன் எஞ்சினை ஓட்டிக் காட்டியபோது இதைச் செய்ய அவரிடம் நல்ல வழி இருக்கவில்லை. தனியாக ஒரு கம்ப்ரெஸ்ஸர் வைத்து, அதன் காற்றால் எண்ணெயை உள்ளே ஊதினார். அந்த எஞ்சின் அலமாரியைவிடப் பெரியது. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் டீசல் பம்ப்பைத் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யத் தொடங்கியது 1927இல். சின்ன டீசல் எஞ்சின் லாரிக்கும் பிறகு வயலுக்கும் பரவியதற்கு இந்தப் பம்ப் ஒரு பெரிய காரணம்.

இனி நான் சொல்ல ஆசைப்பட்ட இடம். பம்ப்புக்குள் ஒரு பிளஞ்சர், அது ஏறி இறங்க ஒரு பேரல். இரண்டும் சேர்ந்த ஜோடியைப் பட்டறையில் 'எலிமெண்ட்' என்பார்கள். பிளஞ்சர் சுண்டுவிரல் நீளமுள்ள உருக்குக் குச்சி. குழந்தைகளின் பீச்சாங்குழலில் தண்டு தள்ளுவதைப்போல் இது டீசலைத் தள்ளுகிறது. கீழே சுழலும் மேடுள்ள சக்கரமான கேம் அதை ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்குத்தான் தூக்கும், கூடாது, குறையாது. அப்படியானால் ஒரு முறை முழுச் சொட்டும் இன்னொரு முறை கால் சொட்டும் எப்படிப் போகிறது?

ஒரு பென்சிலும் தாளும் எடுங்கள். இரண்டு செ.மீ. அகலம், ஒன்றரை செ.மீ. உயரத்தில் ஒரு செங்கோண முக்கோணம் வெட்டுங்கள். அந்த இரண்டு செ.மீ. விளிம்பு சீவாத பென்சிலின் மேல்முனையோடு பொருந்தும்படி சுற்றி ஒட்டுங்கள். சரிவு கீழே பார்க்க வேண்டும். இப்போது பென்சில்தான் பிளஞ்சர். தாள் மூடியிருப்பது வழவழப்பான சுவர். அதற்குக் கீழே மரம் தெரிகிற இடம், பிளஞ்சரில் சாய்வாக வெட்டி எடுத்த பள்ளம். தாளின் இரு ஓரங்களும் சந்திக்காமல் மேலிருந்து கீழ்வரை ஒரு சின்ன இடைவெளி விட்டிருக்குமே, அது பள்ளத்தையும் பிளஞ்சரின் தலையையும் இணைக்கும் நேர்கோட்டுக் கால்வாய்.

கட்டைவிரல் நகத்தை ஓரிடத்தில் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அது பேரலின் பக்கத்திலுள்ள துளை. டீசல் உள்ளே வருவதும் இந்த வழியே, திரும்பி ஓடுவதும் இந்த வழியே. பென்சிலைக் கீழிருந்து மேலே தள்ளுங்கள். தாளின் மேல்விளிம்பு நகத்தைக் கடந்ததும் துளை மூடிக்கொண்டது. மேலே சிக்கிய டீசலுக்கு இனி, எஞ்சினுக்குள் பீய்ச்சும் முனையான நாசில் ஒன்றுதான் வழி, பாய்கிறது. பென்சில் இன்னும் ஏற, சாய்ந்த விளிம்பு நகத்துக்கு வந்து சேர்கிறது. துளை திறந்துவிட்டது. அழுத்தத்தில் இருந்த டீசல் கால்வாய் வழியே பள்ளத்துக்கு இறங்கி, துளை வழியே வெளியே ஓடிவிடுகிறது. பிளஞ்சர் மேலும் ஏறலாம், தள்ளுவதற்கு எதிர்ப்பில்லை.

இப்போது பென்சிலைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி தள்ளிப் பாருங்கள். தாள் உயரமாக இருக்கும் பக்கம் நகத்தைப் பார்த்தால் துளை நீண்ட நேரம் மூடியிருக்கும், டீசல் அதிகம். குட்டையான பக்கம் என்றால் கொஞ்சம். இடைவெளியே நகத்துக்கு நேராக வந்தால் துளை மூடவே மூடாது, எஞ்சின் நின்றுபோகும். நீங்கள் ஆக்சிலேட்டர் லீவரைத் தள்ளும்போது, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் வழியாக, ஒரு பல்தண்டு இந்தக் குச்சியை மெல்லத் திருப்புகிறது. அவ்வளவுதான். ஏறி இறங்கும் வேகத்தை நிறுத்தாமல், ஒரு வால்வைக்கூடத் தொடாமல், திருப்பியே அளக்கிறது. எட்டு மி.மீ. தடிமனுள்ள பிளஞ்சருக்கு, நாம் கணக்குப் போட்ட முழுச்சுமைச் சொட்டைத் தள்ள ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஏற்றம் போதும். எத்தனை தடவை விளக்கினாலும் எனக்கு இது அலுக்கவில்லை.

இதில் வாஷர் கிடையாது, ரப்பர் கிடையாது. இவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவது பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையிலுள்ள பொருத்தம் மட்டுமே. இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான். இரண்டையும் ஜோடியாகவே தேய்த்துப் பொருத்துவதால், ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றின் பேரலில் போடக் கூடாது.

கல்லிடைக்குறிச்சியில் பெரியப்பாவின் பழைய வண்டியைச் சீர்செய்தபோது, எலிமெண்ட்டைத் திருநெல்வேலிப் பேட்டையில் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் அதை நல்ல டீசலில் முக்கி எடுத்து என்னிடம் நீட்டினார். நான் பிளஞ்சரைத் திருப்பித் திருப்பி, அந்தச் சாய்ந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

"ரொம்ப நேரம் கையில் வைத்திருக்காதே தம்பி, பிடித்துக்கொள்ளும்," என்றார்.

"கைச்சூட்டுக்கா அண்ணாச்சி?"

"போட்டுத்தான் பாரேன்."

போட்டேன். சற்றுமுன் வழுக்கிக்கொண்டு போனது, இப்போது தயங்கி நின்றது. டீசலில் மறுபடி முக்கிக் குளிர்ந்ததும் இறங்கியது. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். எட்டு மி.மீ. உருக்கு பத்து டிகிரி சூடானால் ஏறத்தாழ ஒரு மைக்ரான் பருக்கும். இருக்கிற இடைவெளியில் அது மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி. அவர் விரலுக்கு அது முப்பது வருடமாகத் தெரிந்திருக்கிறது.

வெள்ள நீர் இந்த இடத்தில் என்ன செய்யும் என்பது இப்போது விளங்கும். இந்த ஜோடிக்கு டீசல்தான் எண்ணெய்ப் பூச்சு. தண்ணீர் புகுந்தால் அந்தப் பூச்சு போகும், துரு பிடிக்கும். துரு தின்ற பள்ளம் ஐந்து மைக்ரான் ஆழமிருந்தாலே டீசல் பக்கவாட்டில் கசிந்து, அழுத்தம் ஏறாமல் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

புதிய பவர் டில்லர் வாங்க அரசு மானியம் தருகிறது, தர வேண்டியதுதான். அந்த அக்கறை பழையதை மீட்பதற்கும் வேண்டும். நம் பாலிடெக்னிக் மாணவர்களுக்குத் தேய்ந்த எலிமெண்ட்டை அளக்க ஒரு கருவியும், மேற்பூச்சு கொடுத்து மறுபடி பொருத்திப் பார்க்க ஓர் ஆய்வு நிதியும் கொடுத்தால் பேட்டை அண்ணாச்சியின் விரலறிவு பாடமாக மாறும். பெரிய ஆய்வுகளுக்குப் போகும் பணத்தை நான் குறை சொல்லவில்லை. ஒரு சிறு பங்கு வயலோரத்துக்கும் வரட்டும்.

வாசகருக்கு: பம்ப்பை மொத்தமாக மாற்றும் முன் எலிமெண்ட்டை வெளியே எடுங்கள். டீசலில் கழுவி, பேரலைச் சாய்வாகப் பிடித்து, பிளஞ்சரை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்து விடுங்கள். தன் எடையிலேயே மெதுவாக, சீராக இறங்கினால் அது நலமாக இருக்கிறது, நாசிலைச் சோதியுங்கள். நடுவில் நின்றாலோ சடாரென்று விழுந்தாலோ எலிமெண்ட்டை மட்டும் ஜோடியாக மாற்றினால் போதும். நாசில் சோதனையில் பீய்ச்சும் முனைக்கு எதிரே கையைக் காட்டாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். திரும்பப் பூட்டும்போது பல்தண்டிலும் பல்சக்கரத்திலும் உள்ள அடையாளங்கள் நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பல் தள்ளிப்போனால் லீவரைக் குறைத்தாலும் டீசல் குறையாமல் எஞ்சின் வெறி பிடித்து ஓடும். அதனால் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்று போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு பலகைத் துண்டோடு ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.