ஹேக்கர்: கொந்துபவரா, நோண்டுபவரா?

"அமைச்சரின் எக்ஸ் பக்கம் முடக்கம்: ஹேக்கர்கள் கைவரிசை" என்கிற மாதிரியான தலைப்புகள் நமக்குப் பழகிப்போனவை. செய்தியைப் படித்தால் பக்கம் முடங்கியே இருக்காது. யாரோ உள்ளே புகுந்து கிரிப்டோ விளம்பரம் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். இன்னொரு பக்கம், 2017 முதல் மத்திய அரசே மாணவர்களுக்கு 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' என்று கூடி உட்கார்ந்து கணினித் தீர்வு உருவாக்கும் போட்டி நடத்திப் பரிசு கொடுக்கிறது. போலீஸ் தேடுவதும் ஹேக்கரை, அரசு பரிசு கொடுப்பதும் ஹேக்குக்கு. ஒரே சொல் எப்படி இரண்டு இடத்திலும் உட்கார்ந்தது?

'ஹேக்' என்பது பழைய ஆங்கில வேரில் வெட்டுதல், கொத்துதல். கோடரி எடுத்துக் கண்டபடி கொத்துவது. அது கணினிக்கு வந்த வழியில் ஒரு பொம்மை ரயில் நிற்கிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாதிரி ரயில் சங்கம் ஒன்று உண்டு. அதில் சிலருக்கு ரயில் பெட்டிக்கு வர்ணம் பூசுவதில் ஆர்வம். வேறு சிலருக்கோ மேசைக்கு அடியில் ஓடிய ஒயர்களிலும் ரிலே எனப்படும் பழைய தொலைபேசி மின்சுவிட்சுகளிலும்தான் கண். 1955 ஏப்ரலில் சங்கக் கூட்டக் குறிப்பில் ஒரு வேண்டுகோள் பதிவாகியிருக்கிறது: மின் அமைப்பில் 'ஹேக்' செய்பவர்கள் தயவுசெய்து மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், ஃபியூஸ் போகிறது! தொழில்நுட்பப் பொருளில் இந்தச் சொல் கிடைக்கும் மிகப் பழைய தடயங்களில் இது ஒன்று. 1959-ல் அதே சங்கத்தின் பீட்டர் சாம்சன் தொகுத்த குட்டி அகராதி, உருப்படியான பயன் எதையும் கருதாமல் செய்யும் வேலையே ஹேக் என்றது. வெட்டி வேலை என்று நாம் திட்டுவதை அவர்கள் பட்டமாகச் சூடிக்கொண்டார்கள்.

ஹேக்கர் என்றால் முதலில் நல்லவர், பத்திரிகைகள்தான் பின்னால் கெடுத்தன என்று ஒரு கதை சொல்வார்கள். பாதிதான் உண்மை. 1963 நவம்பரில் எம்.ஐ.டி. மாணவர் செய்தித்தாளே, ஹேக்கர்களின் தொல்லையால் தொலைபேசி வசதிகள் குறைக்கப்பட்டன என்று எழுதியது. ஹார்வர்டுக்குப் போகும் இணைப்புகளையெல்லாம் அடைத்து வைத்திருக்கிறார்கள். பி.டி.பி-1 கணினியைக் கொண்டு டயல் டோன் கிடைக்கும் இணைப்புகளைத் தேடவும் செய்திருக்கிறார்கள். அதாவது ஆர்வமும் அத்துமீறலும் அந்தச் சொல்லுக்குள் சின்ன வயதிலிருந்தே சேர்ந்துதான் இருந்தன. 1983-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் சிலர், ஊரின் தொலைபேசிக் குறியீடான 414-ஐயே குழுவின் பெயராக வைத்துக்கொண்டு லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வுக்கூடத்துக் கணினி வரை நுழைந்தார்கள். அதன் பிறகு பத்திரிகைகளுக்கு அத்துமீறல் என்ற பொருள் மட்டும்தான் தெரிந்தது.

ஹேக்கர்கள் சும்மா விடவில்லை. 1975-ல் ஸ்டான்ஃபோர்டில் ராஃபேல் ஃபிங்கெல் தொடங்கிய 'ஜார்கன் ஃபைல்' என்ற சொற்கோப்பு, பல ஆய்வுக்கூடங்களின் கைமாறி வளர்ந்தது. அதில் பின்னாளில் திருட்டுத்தனம் செய்பவருக்குத் தனியாகக் 'கிராக்கர்' என்று பெயர் வைத்தார்கள். (நமக்குக் கிராக்கர் என்றால் தீபாவளிதான். இங்கே அது எடுபடாது.) 1993-ல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1392 என்ற இணையச் சொல்விளக்க ஆவணமும் இதையே சொன்னது: ஓர் அமைப்பின் உள்வேலை முழுவதையும் நெருக்கமாக அறிந்துகொள்வதில் மகிழ்பவர் ஹேக்கர், அனுமதியின்றி நுழையப் பார்ப்பவர் கிராக்கர். ஆர்.எஃப்.சி. என்பதன் விரிவே 'கருத்துகளைக் கேட்கிறோம்' என்பதுதான். 1969-ல் ஸ்டீவ் குரோக்கர் முதல் ஆவணத்தை எழுதியபோது, கட்டளை போடுகிற தொனி வேண்டாமென்றே அந்தப் பெயரை வைத்தார். இணையத்தின் விதிகள் பலவும் இப்படி 'இதோ என் யோசனை, தப்பிருந்தால் சொல்லுங்கள்' என்று பொதுவில் வைத்து வாதாடி வந்தவைதான். ஹேக்கர் என்ற சொல்லுக்கும் அதே மேடையில் பொருள் சொன்னார்கள். பேச்சு வழக்கு என்னவோ பத்திரிகைகளின் பக்கமே சாய்ந்தது.

சரி, தமிழுக்கு வருவோம். கலைச்சொல் ஆக்குபவர்களிடம் 'கொந்தர்' என்ற சொல் புழங்குகிறது. கொந்துதல் என்றால் பறவை அலகால் கொத்துவது, குத்துவது. ஹேக்கின் வேர்ப்பொருளும் கொத்துவதுதான் என்பதால் பொருத்தம் அழகாகவே இருக்கிறது. ஆனால் கொந்திய பழம் என்றால் கெட்ட பழம் என்ற நினைப்புதானே வரும்? வேரைப் பிடித்தது சரி, அந்த ரயில் சங்கத்து ஆள் கைநழுவிப் போய்விட்டார்.

அந்த ஆளுக்குத் தமிழில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. அகராதி புரட்டத் தேவையில்லை, வீட்டில் வாங்கிய திட்டை நினைத்துக்கொண்டால் போதும். சின்ன வயதில் டிரான்சிஸ்டரின் பின்மூடியை நான் திருகும்போதெல்லாம் பாட்டி கத்துவாள்: "நல்லாத்தானே பாடுது, அதை ஏண்டா நோண்டுற?" நோண்டுதல்! கெட்டுப்போனதைச் சரிசெய்வது பழுதுபார்த்தல். நன்றாக இருப்பதையே பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பது நோண்டுதல். சாம்சன் சொன்ன 'பயன் கருதாத' வேலை இதற்குள் அப்படியே அடங்குகிறது. கொஞ்சம் அத்துமீறலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அடுத்தவர் போனை நோண்டுவதும் நோண்டல்தானே.

வினைச்சொல்லாக இது பிரமாதம். பெயர்ச்சொல்தான் இடிக்கிறது. 'நோண்டி' என்றால் நெடில் கொஞ்சம் சறுக்கினாலும் நொண்டி ஆகிவிடும். 'நோண்டுநர்' என்பதில் அரசாணை வாடை. ஆகவே என் கட்சி இதுதான்: வினைக்கு நோண்டுதல், கலைச்சொல்லாகப் பெயர் வேண்டுமானால் கொந்தர். குற்றம் நடந்த செய்தியில் இரண்டும் வேண்டாம். ஊடுருவல், ஊடுருவியவர் என்றே எழுதலாம். கணக்கு முடங்காதபோது 'முடக்கம்' என்று எழுதுவது மட்டும் கூடவே கூடாது.

ஹேக்கத்தானுக்கு என்ன செய்வது? 1999 ஜூனில் ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தை உருவாக்குபவர்கள் பத்துப் பேர் கனடாவின் கால்கரியில் கூடிய கூட்டத்தோடு புழக்கத்துக்கு வந்த பெயர் அது. மறையாக்க மென்பொருளை, அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் மென்பொருளை, அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்பச் சட்டச் சிக்கல் இருந்ததால் அமெரிக்க எல்லைக்கு வெளியே கூடினார்கள். மாரத்தானின் வாலை ஹேக்கில் ஒட்டியாயிற்று. இதை 'நோண்டல் திருவிழா' என்று தமிழாக்கி அழைப்பிதழ் அடித்தால் எந்தக் கல்லூரி முதல்வரும் ஆய்வுக்கூடச் சாவியைத் தரமாட்டார். அது ஹேக்கத்தானாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.