குப்பிக்குள் இருப்பது எந்த பிசிஜி?

ஐந்து மாதக் குழந்தை. இடது அக்குளில் எலுமிச்சங்காய் அளவுக்குக் கட்டி. காய்ச்சல் இல்லை, பால் நன்றாகக் குடிக்கிறது, எடையும் ஏறியிருக்கிறது. ஊசியால் உறிஞ்சிய சீழ் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. சாயமேற்றிப் பார்த்தபோது சிவப்புக் குச்சிகள் தெரிந்தன. திரவ ஊடகத்தில் மூன்று வாரத்தில் வளர்ந்தும் விட்டது. வளர்ந்ததில் சில சொட்டுகளை, காசநோய்க் கிருமி சுரக்கும் எம்பிடி64 என்ற புரதத்தைக் காட்டும் சோதனை அட்டையில் விட்டதும் கோடு பளிச்சென்று விழுந்தது.

"மேடம், காசநோய்க் கிருமித் தொகுதி என்று அறிக்கை எழுதிவிடட்டுமா?" என்றார் புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர்.

எழுதினால் பொய்யாகாது. அதுதான் சிக்கலே. காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும், வீரியம் குறைத்த உயிருள்ள கிருமியான பிசிஜியும் நெருங்கிய உறவுக் கிருமிகளின் அந்தத் தொகுதியைச் சேர்ந்ததுதான். ஆனால் அறிக்கையைப் படிக்கிறவர் குழந்தைக்குக் காசநோய் என்றே எடுத்துக்கொள்வார். வீட்டில் யாருக்கு இருமல் என்ற விசாரணை தொடங்கும், மாதக்கணக்கில் மருந்து தொடங்கும். அந்த மருந்துகளில் ஒன்றான பைரசினமைடு பிசிஜியை அசைக்கக்கூட முடியாது. காசநோயை விரைவில் கண்டறியும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியும் இங்கே உதவாது. அது காசநோய்க் கிருமி, பிசிஜி இரண்டையும் ஒன்றாகவே காட்டும்.

பிறந்தவுடன் நம் ஊரில் பிசிஜி போடுவது இடது மேற்கையில். கட்டி இடது அக்குளில். "ஆர்டி1 பார்த்துவிட்டு எழுதுவோம்" என்றேன். மறுநாள் பிசிஆர் முடிவு வந்தது: ஆர்டி1 என்ற மரபணுப் பகுதி இல்லை. காசநோய்க் கிருமியில் அது இருக்கும், உலகில் உள்ள எந்த பிசிஜியிலும் இருக்காது. ஆகக் குழந்தைக்கு வந்திருப்பது தடுப்பூசியின் பக்கவிளைவு.

அதோடு கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் அந்த அட்டைக் கோடு என்னை உறுத்தியது. எம்பிடி64 என்ற புரதத்துக்கான மரபணு சில பிசிஜிகளில் மட்டுமே உண்டு. இந்தியாவில் டேனிஷ் 1331, மாஸ்கோ என்ற இரண்டு திரிபுகளிலிருந்து, அதாவது ஒரே கிருமியின் இரண்டு வகைகளிலிருந்து, தடுப்பூசி தயாராகிறது. மாஸ்கோ திரிபில் அந்த மரபணு உண்டு, டேனிஷில் இல்லை. இதே குழந்தைக்கு டேனிஷ் போட்டிருந்தால் கோடே வந்திருக்காது. அப்போது, மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஏதோ ஒரு மைக்கோபாக்டீரியா என்று எழுதியிருப்போம். ஒரே கட்டி, ஒரே சீழ். திரிபு மாறினால் தப்பான விடையும் மாறிவிடுகிறது. நம் அறிக்கைகள் இந்த வேறுபாட்டைக் கண்டுகொள்வதே இல்லை.

ஒரே பெயருள்ள கிருமி இரண்டு விதமாக ஆன கதை பிரான்சின் லீல் நகரில் தொடங்குகிறது. 1908இல் ஆல்பெர் கால்மெட்டும் கமீல் கெராங்கும் மாட்டுக் காசநோய்க் கிருமி ஒன்றை எடுத்து, மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்க்கத் தொடங்கினார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை புதுத் துண்டுக்கு மாற்றினார்கள். நடுவில் உலகப் போர் வந்தது, ஜெர்மானியர் நகரைப் பிடித்தார்கள். கிழங்கு மாற்றுவது மட்டும் நிற்கவில்லை. 13 ஆண்டுகளில் 230 முறை. 1921இல் பாரிசில் முதல் குழந்தைக்கு வாய்வழியாகக் கொடுத்தார்கள். பிறகு ரஷ்யா, பிரேசில், ஜப்பான், ஸ்வீடன், டென்மார்க் எனக் கிருமி ஊர் ஊராகப் போனது. உறையவைத்து உலர்த்திப் பாதுகாக்கும் முறை பரவும்வரை ஒவ்வொரு நாடும் தன் பங்கைத் தனியாக மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டிருந்தது. பாரிசில் மட்டும் அந்தக் கணக்கு 1173 வரை போனது.

ஏடு பெயர்த்து எழுதியவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். மூல ஏட்டில் ஓர் இதழ் உதிர்ந்தால், அதற்குப் பின் எடுத்த படிகள் எதிலும் அந்த இதழ் இருக்காது. முன்பே வெளியூர் போன படியில் இருக்கும். எந்தப் படி எப்போது பிரிந்தது என்பதைப் பாடபேதம் பார்ப்பவர் அப்படித்தான் கண்டுபிடிக்கிறார். 1999இல் மார்செல் பேர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் பிசிஜி திரிபுகளின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டபோது கிடைத்ததும் இதுபோன்ற கணக்குதான். ஆர்டி1 என்ற இதழ் எந்தப் படியிலும் இல்லை. எனவே அது 1921க்கு முன்பே உதிர்ந்தது. எம்பிடி64 மரபணு இருக்கும் ஆர்டி2, முன்னதாகவே பாரிசை விட்டுப் போன ரஷ்ய, பிரேசில், ஜப்பானியத் திரிபுகளில் இருக்கிறது. 1931இலும் அதற்குப் பின்னும் வாங்கியவற்றில் இல்லை. பாரிஸ் ஆய்வகத்தில் 1927க்கும் 1931க்கும் இடையில் அது தொலைந்திருக்கிறது. அன்று யாருக்கும் தெரியவில்லை. உருளைக்கிழங்கில் வாழும் கிருமிக்கு அந்த மரபணு தேவைப்படவும் இல்லை.

மரபணுத்தொகுதிகளை ஒப்பிடும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. மாறிய மரபணு எழுத்துகளை மட்டும் எண்ணிவிட்டு முடித்துவிடாதீர்கள். பிசிஜியில் டியு2 என்ற பெரிய துண்டு இரட்டித்துக் கிடக்கிறது. திரிபுக்குத் திரிபு அதன் எல்லை வேறு. துண்டுதுண்டாகப் படிக்கும் கருவி இரண்டு பிரதிகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒன்றாக்கிவிடும். அந்த இடத்தில் வாசிப்பின் அடர்த்தி இரு மடங்காக இருக்கிறதா என்று பார்த்தால்தான் பிடிபடும். ஜப்பானின் டோக்கியோ 172 இன்னொரு பாடம். ஒரே தடுப்பூசிக்குள் இரண்டு வகைக் கிருமிகள் கலந்திருக்கின்றன. ஒன்றில் 22 எழுத்துகள் குறைவு.

இதில் எனக்குச் சொந்த அனுபவமும் உண்டு. ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எச்37ஆர்வி என்ற காசநோய்த் திரிபில் ஒரு மரபணுவை நீக்கினேன். கிருமி எலியில் சோர்ந்து போனது. அந்த மரபணுதான் வீரியத்துக்குக் காரணம் என்று துள்ளினேன். மரபணுவைத் திரும்ப வைத்தேன், கிருமி தேறவில்லை. எட்டு மாதம் போனபின் முழு மரபணுத்தொகுதியையும் படித்துப் பார்த்தால், நான் கைவைக்கும் முன்பே தாய்க் குப்பியில் ஒரு பிழை இருந்திருக்கிறது. பிடிஐஎம் என்ற மெழுகுக் கொழுப்பை அந்தக் கிருமியால் செய்ய முடியவில்லை. விலங்கைத் தொற்றுவதற்கு அந்தக் கொழுப்பு வேண்டும். குடுவையில் அது வெறும் சுமை. சுமையை இறக்கியது வேகமாகப் பெருகி மற்றதை ஓரங்கட்டிவிடும். குப்பி கைமாறிக் கைமாறி எங்களுக்கு வந்திருந்தது. எத்தனை முறை மறுவளர்ப்பு செய்தார்கள் என்று எந்த ஏட்டிலும் எழுதவில்லை. பின்னர் 2010இல் ஆறு ஆய்வகங்களின் எச்37ஆர்வியை ஒப்பிட்ட ஆய்வைப் படித்தபோது, ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று தெரிந்து சற்று ஆறுதல்பட்டேன்.

அதே பிடிஐஎம் தடுப்பூசிக் கதையிலும் வருகிறது. டோக்கியோ, மொரோ, கிளாக்சோ ஆகிய மூன்று பிசிஜி திரிபுகளில் அது இல்லை என்று 2007இல் தெரியவந்தது. பக்கவிளைவு குறைவு என்று பெயர் வாங்கியவையும் இவைதாம். கட்டி வருகிறதா இல்லையா என்பது ஊசி போட்டவரின் கையையும் குழந்தையின் உடலையும் பொறுத்தது என்றுதான் நாங்கள் படித்தோம். அதுவும் உண்மை. ஆனால் திரிபுக்கும் அதில் பங்கு இருக்கிறது.

இதைக் கேட்டதும், வீரியம் கூடிய திரிபைப் போட்டால் காசநோயை ஒழித்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். 1968இல் அந்த மாவட்டத்தில் தொடங்கிய பிசிஜி சோதனையில் சுமார் இரண்டரை லட்சம் பேர் சேர்ந்தார்கள். பாரிஸ், டேனிஷ் என வீரியமானவை என்று பெயரெடுத்த இரண்டு திரிபுகளைத்தான் பயன்படுத்தினார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை இரண்டுமே தடுக்கவில்லை. பிரிட்டனிலோ, கோபன்ஹேகனிலிருந்து வந்த பிசிஜி பள்ளிப் பிள்ளைகளை முக்கால் பங்குக்கு மேல் காத்திருந்தது. மண், சூழலில் உள்ள மற்ற மைக்கோபாக்டீரியா, மக்களிடம் ஏற்கெனவே இருந்த தொற்று எனப் பல காரணங்கள் சேர்ந்து நிற்கின்றன. திரிபை மட்டும் வைத்து இதை விளக்க முடியாது. பச்சிளம் குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பிசிஜி காக்கிறது. அதற்காகத்தான் பிறந்தவுடன் போடுகிறோம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

குழந்தையின் விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய கட்டிகளில் பெரும்பாலானவை தாமாகவே வற்றிவிடும். கிருமி உடல் முழுதும் பரவினாலோ, குழந்தைக்கு அடிக்கடி கடும் தொற்று வந்தாலோ பிறவி எதிர்ப்புக் குறைபாடு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இந்தக் குழந்தைக்கு அப்படி எதுவும் இல்லை. அறிக்கையில் "பிசிஜி, ஆர்டி1 இல்லை, எம்பிடி64 உண்டு" என்று எழுதினோம். குழந்தைகள்நல மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டு, எந்தத் திரிபு என்று கேட்டார். எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி; இத்தனை வருடங்களில் அதைக் கேட்ட இரண்டாவது மருத்துவர் அவர்.

தடுப்பூசி அட்டையைக் கொண்டுவரச் சொன்னோம். பிசிஜி என்ற கட்டத்தில் தேதியும் ஒரு டிக் குறியும் இருந்தன. திரிபின் பெயரோ, தொகுதி எண்ணோ எழுத அதில் இடமே இல்லை. ஊசி போட்ட நிலையத்தின் இருப்புப் பதிவேட்டைப் பார்க்கப் போனேன். செவிலியர் பொறுமையாகப் பக்கங்களைப் புரட்டி, அந்த வாரத்துத் தொகுதி எண்ணை எடுத்துக் கொடுத்துவிட்டு, குளிர்பெட்டியிலிருந்து ஒரு குப்பியையும் நீட்டினார். லேபிளின் கீழ்வரியில், கண்ணாடி போட்டுக்கொண்டால்தான் தெரிகிற எழுத்தில், மாஸ்கோ திரிபு என்று அச்சிட்டிருந்தது.