அரசு நிலத்தை எடுத்தால் வக்கீல் செலவு யார் தருவது? புளோரிடா சட்டம் சொல்வது

பொதுத் தேவைக்காக அரசு தனியார் நிலத்தை எடுத்தால் நியாயமான இழப்பீடு தர வேண்டும் என்கிறது அமெரிக்க அரசியல் சாசனத்தின் 5வது திருத்தம். ஆனால் அந்த இழப்பீட்டில் வக்கீல் ஃபீஸ் சேராது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. அதாவது, விலை போதாது என்று கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தாலும், செலவு போக மிஞ்சியதுதான் உரிமையாளர் கைக்கு வரும். கேட்காமலே நிலத்தை இழப்பவருக்கு இது அநியாயம்.

புளோரிடா மாநிலம் இதைச் சரிசெய்திருக்கிறது. நிலத்தை எடுக்கும் துறையே உரிமையாளரின் வக்கீல் ஃபீஸையும், சொத்து மதிப்பீட்டாளர் கட்டணம் போன்ற நியாயமான செலவுகளையும் தர வேண்டும். இதைச் சொல்வது மாநிலச் சட்டத்தின் 73.091, 73.092 பிரிவுகள். வழக்குக்கு முன்பே பேசி முடித்தாலும் இந்த உரிமை உண்டு.

ஃபீஸ் கணக்கு எப்படி? வக்கீல் வைப்பதற்கு முன் துறை எழுத்தில் கடைசியாகச் சொன்ன தொகைக்கும், முடிவில் கிடைத்த தொகைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பார்கள். அதில் 2,50,000 டாலர் வரை 33 சதவீதம், அதற்கு மேல் 10 லட்சம் டாலர் வரை 25 சதவீதம், அதையும் தாண்டினால் 20 சதவீதம். உதாரணமாக, துறை 2,00,000 டாலர் தருவதாகச் சொன்னது, முடிவில் 3,20,000 கிடைத்தது என்று வையுங்கள். கூடுதல் 1,20,000, அதில் 33 சதவீதம் 39,600 டாலர். இதைத் துறை தனியாகக் கட்டும். 3,20,000 டாலரும் முழுசாக உரிமையாளருக்கே.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீங்களே பல மாதம் பேசித் தொகையை ஏற்றிவிட்டு, அப்புறம் வக்கீலிடம் போனால், ஏறிய தொகையிலிருந்துதான் கணக்கு தொடங்கும். வக்கீலுக்கு வருவது குறையும்; வழக்கை எடுக்கத் தயங்கலாம். துறையின் நோட்டீஸ் வந்தால், பதில் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் வக்கீலைப் பாருங்கள். கூடுதலாக எதுவும் கிடைக்காவிட்டால் ஃபீஸ் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

வேறு மாநிலங்களில் விதி வேறு. மிச்சிகனில் துறை முதலில் சொன்னதற்கு மேல் கிடைத்த தொகையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஃபீஸ் கிடைக்கலாம். கலிபோர்னியாவில், விசாரணைக்குக் குறைந்தது 20 நாள் முன்பு இரு தரப்பும் கடைசித் தொகையைச் சொல்ல வேண்டும். துறை சொன்னது நியாயமற்றது, உரிமையாளர் கேட்டது நியாயம் என்று கோர்ட் கருதினால்தான் செலவு கிடைக்கும்.

புளோரிடாவிலும் ஒரு கண்ணி உண்டு. வழக்கு நடக்கும்போது, இந்தத் தொகைக்குத் தீர்ப்பு எழுதிக்கொள்ளலாம் என்று துறை முறைப்படி முன்வரலாம். அதை மறுத்து, தீர்ப்பில் அதே அளவோ குறைவாகவோ வந்தால், மறுத்த நாளுக்குப் பிந்தைய செலவுகள் கிடைக்காது. அந்தக் கடிதம் வந்தால் மதிப்பீட்டாளரையும் கலந்து பேசாமல் பதில் அனுப்பாதீர்கள்.