சொல் விளக்கம்: கந்தக அமினோ அமிலம்

பயறு விதைகளின் மரபணு மாற்றத்தைப் பற்றிய எழுத்துகளில் 'சல்பர் அமினோ அமிலம்' என்னும் தொடர் அடிக்கடி தென்படுகிறது. புரதங்களைக் கட்டும் வழக்கமான இருபது அமினோ அமிலங்களுள் கந்தக அணுவைத் தன்னகத்தே கொண்டவை மெத்தியோனின், சிஸ்டெயின் ஆகிய இரண்டே. இவ்விரண்டையும் சேர்த்துச் சுட்டுவதே இத்தொடர். சல்பருக்குக் கந்தகம் என்ற பெயர் நெடுங்காலமாகத் தமிழில் வழங்கிவருவதால், 'கந்தக அமினோ அமிலம்' என்று எழுதத் தயங்க வேண்டியதில்லை. அமிலத்தைப் புளிமம் என்று மாற்ற விரும்புவோரும் உண்டு. ஆயினும் பாடநூல்களில் வேரூன்றிவிட்ட சொல்லைப் பிடுங்குவதால் தெளிவு கூடப்போவதில்லை.

மெத்தியோனினை 1920-களின் தொடக்கத்தில் ஜான் ஹோவர்ட் முல்லர் பால்புரதமாகிய கேசினிலிருந்து பிரித்தெடுத்தார். மெத்தில் தொகுதி, கந்தகத்தைக் குறிக்கும் 'தெயோன்' என்ற கிரேக்கச் சொல் ஆகிய இரண்டும் கலந்து அதன் பெயர் அமைந்தது. 'தெயோன்' நம் 'தீ'யோடு ஒலியில் நெருங்குவதைக் கண்டு வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்கிவிட வேண்டாம். சிஸ்டெயினின் பெயருக்கோ கந்தகத்தோடு தொடர்பே இல்லை. 1810-இல் வில்லியம் ஹைடு வொல்லஸ்டன் சிறுநீர்ப்பைக் கல் ஒன்றில் கண்டறிந்த பொருளே, பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழியாகப் பின்னர் சிஸ்டைன் எனப்பட்டது. இரண்டு சிஸ்டெயின்கள் தம் கந்தக அணுக்களால் கைகோத்த இணையே சிஸ்டைன். தமிழில் இரண்டையும் ஒரே எழுத்துக்கோப்பில் அச்சிடும் வழக்கம் இருப்பதால், வேறுபாட்டைப் பேண வேண்டிய இடத்தில் கவனம் தேவை.

அடுத்த சொல் பயறு. பருப்பு என்பது தோல் நீக்கிய உள்ளீடு; முளைக்கும் திறனுள்ள முழு விதையைக் குறிக்கப் பயறே பொருத்தமானது. பயற்றில் புரதம் மிகுதி, லைசின் என்னும் அமினோ அமிலமும் மிகுதி; ஆனால் அதன் சேமிப்புப் புரதங்களில், சிறப்பாக மையவிலக்கில் படியும் வேகத்தைக் கொண்டு 7எஸ் எனப் பெயரிட்ட வகையில், கந்தக அமினோ அமிலங்கள் மிகக் குறைவு. மெத்தியோனினை மனித உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது. சிஸ்டெயினையும் அதிலிருந்தே உண்டாக்கிக்கொள்கிறது. எனவே பயற்றுப் புரதத்தின் உணவுத் தரத்துக்கு இக்குறையே எல்லை வகுக்கிறது.

இக்குறையைத் தீர்க்க முதலில் தோன்றிய வழி, மெத்தியோனின் மிகுந்த வேறொரு விதைப் புரதத்தின் மரபணுவைப் பயற்றுக்குள் புகுத்துவது. இது மரபணு மாற்றம். செடியின் சொந்த மரபணுவிலேயே கைவைக்கும் மரபணுத் திருத்தத்தோடு இதைக் குழப்பக் கூடாது. பிரேசில் கொட்டையில் உள்ள, 2எஸ் அல்புமின் என்னும் நீரில் கரையும் புரதத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு மெத்தியோனின் உண்டு. அதன் மரபணு சோயாவில் சேர்க்கப்பட்டது. ஆனால் அப்புரதமே அக்கொட்டையின் ஒவ்வாமைக்குக் காரணமான முதன்மைப் பொருள் என்று 1996-இல் வெளியான ஆய்வு காட்டியதால், அந்தச் சோயா சந்தைக்கு வராமலே கைவிடப்பட்டது.

அடுத்த முயற்சியே நம் சொல்லாராய்ச்சிக்கு மிகவும் பயன்படுவது. சூரியகாந்தி விதையின் அல்புமின் ஒன்றில் 103 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 16 மெத்தியோனின், 8 சிஸ்டெயின். இதன் மரபணுவை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் லூபின் என்னும் பயறு வகையில் புகுத்தி, 1997-இல் முடிவுகளை வெளியிட்டனர். விதையின் மெத்தியோனின் 94 விழுக்காடு உயர்ந்தது. சிஸ்டெயினோ 12 விழுக்காடு குறைந்தது. விதையிலிருந்த மொத்தக் கந்தகத்தில் குறிப்பிடத்தக்க மாற்றமே இல்லை. சல்பேட் என்னும் கனிம வடிவில் தேங்கிக் கிடந்த கந்தகம் குறைந்து, அமினோ அமிலங்களில் அடங்கிய கந்தகம் கூடியிருந்தது. அதாவது, இருந்த கந்தகமே இடம் மாறியது. எலிகளுக்கு ஊட்டிப் பார்த்தபோது எடை கூடுவதும் புரதப் பயன்பாடும் மேம்பட்டன என்பதால், அந்த இடமாற்றத்தை அற்பமென்று தள்ளவும் முடியாது.

ஆகவே இவ்வகை விதையைக் 'கந்தகம் செறிவூட்டிய பயறு' என்று சில இடங்களில் எழுதுவது பிழை. செறிவூட்டம் என்றால் வெளியிலிருந்து கூட்டுதல்; இங்கே நிகழ்வது மறுபங்கீடு. 'கந்தக அமினோ அமில அளவை உயர்த்திய பயறு' என்பது நீளமானாலும் உண்மையானது. 'உள்ளடக்கம்' என்ற சொல்லையும் இவ்விடத்தில் தவிர்க்கலாம். வேதிப்பொருளுக்கு 'அளவு' போதும்.

புதிய புரதம் ஒரு தேவையை மட்டுமே உண்டாக்குகிறது, வரவைக் கூட்டுவதில்லை என்பது இதனால் விளங்கியது. ஆதலால் செடி சல்பேட்டை உறிஞ்சி, சல்பைடாக ஒடுக்கி, சிஸ்டெயினாக்கி, அதிலிருந்து மெத்தியோனினை உண்டாக்கும் பாதையில் உள்ள நொதிகளின் பக்கமும் ஆய்வாளர்களின் கவனம் சென்றது. சிஸ்டெயின் ஆக்கத்துக்கு வேண்டிய ஓ-அசிட்டைல்செரினைத் தரும் செரின் அசிட்டைல்டிரான்ஸ்பெரேசு, மெத்தியோனின் பாதையின் வாயிலில் நிற்கும் சிஸ்டாத்தியோனின் காமா சிந்தேசு ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. இப்பாதையின் வழியே விதைக்குள் வந்து சேரும் கந்தகமே கூடுமானால், அப்போது 'கந்தகச் செறிவூட்டம்' என்ற சொல்லைத் தடையின்றி ஆளலாம்.