அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் இல்லம் கட்டப் பணம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் 50 மாகாணங்களிலும் முதிய முன்னாள் படைவீரர்களுக்கான மாகாண இல்லங்கள் இருக்கின்றன. இவற்றை நடத்துவது மாகாண அரசுதான். மத்திய அரசின் முன்னாள் படைவீரர் நலத்துறை பணம் தருகிறது, ஆண்டுதோறும் ஆய்வு செய்கிறது. 1888-லேயே ஒரு வீரருக்கு ஆண்டுக்கு 100 டாலர் என்று மத்திய அரசு கொடுக்கத் தொடங்கிவிட்டது. கட்டடத்துக்கென்று தனி மானியம் வந்தது 1964-ல்.

அந்த மானியத்தின் கணக்கு எளிது. கட்டுமானச் செலவில் அதிகபட்சம் 65 சதவீதம் மத்திய அரசுடையது, மீதி மாகாணத்துடையது. 10 கோடி டாலர் திட்டம் என்றால் மாகாணம் குறைந்தது 3.5 கோடி போட வேண்டும். கட்டடக் கலைஞரின் கட்டணமும், முதல்முறை வாங்கும் கட்டில், உபகரணங்களும் இந்தச் செலவில் சேரும். நிலம் வாங்கும் விலை சேராது. ஊருக்குள், மருத்துவமனைக்குப் பக்கத்தில் கட்ட வேண்டும் என்று கேட்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. நிலத்தின் விலை முழுவதும் மாகாணத்தின் தலையில்தான் விழும்.

சரி, விண்ணப்பித்தால் உடனே கிடைத்துவிடுமா? கிடைக்காது. விண்ணப்பங்கள் எல்லாம் ஒரு முன்னுரிமைப் பட்டியலில் ஏறும். தன் பங்குப் பணம் தயார் என்று சான்றளித்த மாகாணங்கள்தான் முதல் பிரிவில் வரும். மத்திய நிதியாண்டு தொடங்குவது அக்டோபர் 1. அந்த ஆண்டுப் பட்டியலுக்கு அதற்கு முந்தைய ஆகஸ்ட் 15-க்குள் சான்று போய்ச் சேர வேண்டும். சட்டமன்றம் நிதி ஒதுக்கத் தாமதித்தால் எவ்வளவு நல்ல திட்டமும் பின்னுக்குப் போய்விடும்.

முதல் பிரிவுக்குள்ளும் வரிசை உண்டு. ஏற்கெனவே இருக்கும் இல்லத்தில் குடியிருப்பவர்களின் உயிருக்கு ஆபத்தான குறைகளைச் சரிசெய்யும் வேலை முதலில். அடுத்து, இதுவரை இந்த மானியமே கேட்காத மாகாணம். அதன்பிறகு படுக்கைத் தேவை மிக அதிகமுள்ள மாகாணம், அதாவது 2,000 படுக்கைகளோ அதற்கு மேலோ பற்றாக்குறை உள்ள இடம். பற்றாக்குறை 999 படுக்கைகளோ அதற்குக் கீழோ என்றால் கடைசி. உயிர்காக்கும் வேலைக்கு முதலிடம் கொடுத்தது நியாயம்தான். ஆனால் சிறிய மாகாணங்களில் புதிய இல்லத்துக்காக நெடுங்காலம் காத்திருக்க நேர்வதும் இதனால்தான்.

உண்மையான சிக்கல் கட்டி முடித்த பிறகு வருகிறது. கலிஃபோர்னியாவைப் பாருங்கள். ஃபிரெஸ்னோவில் 300 பேருக்கும் ரெட்டிங்கில் 150 பேருக்கும் இல்லங்கள் 2012-ல் தயாராகிவிட்டன. ஆனால் நடத்துவதற்கு மாகாண பட்ஜெட்டில் பணம் இல்லாமல் பூட்டியே கிடந்தன. 2013 அக்டோபரில்தான் திறந்தார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்களை ஓராண்டு காக்க வைப்பது சாதாரண விஷயமில்லை. மத்திய அரசு வீரர் ஒருவருக்கு நாள் கணக்கில் ஒரு தொகை தருகிறது, ஆனால் அது பராமரிப்புச் செலவில் பாதியைத் தாண்டாது. பணியால் 70 சதவீதமோ அதற்கு மேலோ ஊனமுற்றவர்களுக்கும், பணியால் வந்த ஊனத்துக்காகவே செவிலியர் பராமரிப்பு தேவைப்படுபவர்களுக்கும் இல்லத்தில் தரும் செவிலியர் பராமரிப்புக்குக் கூடுதல் விகிதம். மற்றவர்களுக்கான மீதிச் செலவு குடியிருப்பவர் கட்டணத்திலும் மாகாண பட்ஜெட்டிலும் இருந்துதான் வர வேண்டும். ஆகவே செவிலியர், உதவியாளர் சம்பளத்துக்கான திட்டத்தையும் கட்டுமானத் திட்டத்தோடு சேர்த்தே சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பேன்.

குடியிருப்பவர்களில் குறைந்தது 75 சதவீதம் முன்னாள் படைவீரர்களாக இருக்க வேண்டும். மீதி இடத்தில் அவர்களின் துணைவர்களும், பெற்ற பிள்ளைகள் எல்லோரையுமே படைப்பணியில் பறிகொடுத்த பெற்றோரும் தங்கலாம். அப்புறம் ஒரு நிபந்தனை: கட்டிய 20 ஆண்டுக்குள் அந்த இடத்தை வேறு காரியத்துக்கு மாற்றினால், மத்திய அரசு தான் கொடுத்த பங்கைத் திருப்பிக் கேட்கலாம்.