முட்டி போட்டுப் பார்த்த பள்ளிக்கூட வழி

ஜூன் மாதம் வந்தால் பெங்களூர் அல்சூரில் என் கண் கிளினிக்கில் பிள்ளைகள் கூட்டம்தான். புது வகுப்பு, பின் பெஞ்ச், போர்டில் எழுதுவது தெரியவில்லை. சோதித்தால் கிட்டப்பார்வை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குக் கண்ணாடி எழுதித் தரும்போது, "போன்தானே காரணம் மேடம்?" என்று கேட்காத பெற்றோர் இல்லை. நான் கேட்பது வேறு. பையன் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறான்? வாசலில் ஸ்கூல் ஆட்டோ, அப்புறம் வகுப்பு, சாயங்காலம் டியூஷன். கூட்டிப் பார்த்தால் அரை மணிகூடத் தேறாது.

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்போம். வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். வெயிலில் 10,000 லக்ஸைச் சாதாரணமாகத் தாண்டும். கண் நீளவாக்கில் அதிகமாக வளர்ந்தால்தான் கிட்டப்பார்வை வருகிறது. அந்த வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரந்து, அந்த வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது என்பது இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். தைவான் பள்ளிகளில் 2010 முதல் தினம் 120 நிமிடம் பிள்ளைகளை வெளியே விடச் சொன்னார்கள். வருடா வருடம் ஏறிக்கொண்டிருந்த பார்வைக்குறைவு அதன் பிறகு இறங்கத் தொடங்கியது. ஏற்கெனவே வந்த பவரை வெளியே இருப்பது குறைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். வராமல் தள்ளிப்போடத்தான் இந்தப் பாடு.

இதையே சொல்லிச் சொல்லி அலுத்துத்தான், எங்கள் பக்கத்துத் தெருக்காரர்களோடு சேர்ந்து 'பள்ளிக்கு நடந்து போகும் நாள்' ஒன்றை நடத்தினோம். முதல் வருடம் நல்ல சொதப்பல். பேனர், தொப்பி, சிறப்பு விருந்தினர் எல்லாம் உண்டு. ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை அருகே பிள்ளைகள் 40 நிமிடம் நின்றார்கள், 12 நிமிடம் நடந்தார்கள். மறுநாள் எல்லோரும் பழையபடி ஆட்டோவில். தேதியிலும் தப்பு. 2000-ல் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் சேர்ந்து உலக நாளாக்கியது அக்டோபரில் என்று நாங்களும் அக்டோபரைப் பிடித்துக்கொண்டோம். பெங்களூரில் அக்டோபர் என்றால் பாதி தசரா லீவு, மீதி மழை. இப்போதெல்லாம் டிசம்பர், ஜனவரிதான்.

இரண்டாம் வருடம் பேனர் காசை மிச்சம் பிடித்து, வழியைப் பார்க்கப் போனோம். அதுவும் பள்ளி நாளில், பிள்ளைகள் கிளம்பும் அதே எட்டு மணிக்கு. ஞாயிறு காலையில் பார்க்கும் தெரு வேறு தெரு.

ஜோகுபாளையா பக்கம் ஒரு முனையில் டெம்போ நின்றிருந்தது. நான் புடவையைச் செருகிக்கொண்டு முட்டி போட்டேன். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கும். கூட வந்த ஓர் அப்பா சிரித்தார். "நீங்களும் உட்காருங்க சார்" என்றேன். உட்கார்ந்தார். டயர், சேறு காய்ந்த மட்கார்டு, அதற்கு மேல் டெம்போவின் நீலத் தகரம். அவ்வளவுதான். "வண்டி வர்றதே தெரியலையே மேடம்" என்றார். "வண்டிக்காரருக்கும் உங்க பொண்ணு தெரியமாட்டா." அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கு அந்த முனையை வழியிலிருந்து எடுத்தோம்.

"பார்த்துப் போ" என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். ஆரம்பப் பள்ளி வயதில் அந்தப் பார்வையே இன்னும் முதிரவில்லை. எதிரே வரும் வண்டியின் வேகத்தை அந்தக் கண் சரியாகக் கணிக்காது. வேகமாக வருகிற வண்டி நெருங்குவதையே சில சமயம் உணராது. 50 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடியில் 14 மீட்டர் கடக்கிறது. ஆகவே பிள்ளையைத் திட்டிப் பயனில்லை, சாலையைக் கடக்கும் இடத்தில் பெரியவர் நிற்க வேண்டும். பத்து நாள் முன்பே போக்குவரத்துப் போலீசுக்குக் கடிதம் கொடுத்தோம். கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள், வேலை சுருக்க நடக்கும். இருபது நிமிடம் ஒரு கான்ஸ்டபிள் நின்றார், போதும்.

நடைபாதையையும் டேப் வைத்து அளந்தோம். இந்தியச் சாலைப் பேராயத்தின் வழிகாட்டி நடக்க 1.8 மீட்டர் அகலம் தடையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறது. எங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் போக 70 செ.மீ. கிடைத்தது. படத்தோடு மனு கொடுத்ததில் உடைந்த கல் ஒன்று மாறியது. டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயே இருக்கிறது, நாங்கள்தான் எதிர்ப்பக்கம் மாறினோம்.

பிள்ளைகளைப் பேருந்து போலவே கூட்டிப் போகிறோம். டேவிட் எங்விக்ட் என்ற ஆஸ்திரேலியர் 1990-களில் சொன்ன யோசனை இது: குறித்த நிறுத்தம், குறித்த நேரம், முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒருவர். ஆறு வயது வரை மூன்று பிள்ளைக்கு ஒருவர், அதற்கு மேல் ஆறு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொண்டோம். சைக்கிள் ஆறாம் வகுப்புக்கு மேல்தான், அதுவும் உள்தெருக்களில், முந்தின நாள் பிரேக் பார்த்த பிறகு.

எதிர்ப்பு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. "கார் வச்சுக்கிட்டுப் பேரனை நடக்க விட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க டாக்டரம்மா?" என்றார் ஒரு பாட்டி. ஆட்டோ அண்ணனுக்கோ வருமானம் போய்விடுமே என்ற கவலை. அது நியாயமான கவலை. பை எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020-ன் பள்ளிப்பைக் கொள்கை சொல்கிறது. எங்கள் தெருவில் தராசு வைத்தால் பாதிப் பை தேறாது. சரி, பைகளை ஆட்டோ கொண்டுபோகட்டும், பிள்ளைகள் நடக்கட்டும் என்று முடிவானது. மாதக் காசிலும் கை வைக்கவில்லை. இப்போது செவ்வாயும் வெள்ளியும் 11 பேர் நடக்கிறார்கள். முதல் நிறுத்தத்தில் நேரத்துக்கு நிற்பது அந்தப் பாட்டிதான்.

சாயங்கால நடைக்கு இன்னும் ஆள் சேரவில்லை. ஆளுக்கொரு டியூஷன், ஆளுக்கொரு நேரம். ஜூனில் டியூஷன் டீச்சர்களைக் கூப்பிட்டுப் பேசுவதாக இருக்கிறோம்.